முட்டைக்குள் இருக்கும் குற்றம்

எதிர்வீட்டுப் பிள்ளை ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். புத்தகப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை காலை சுபாங் ஜெயா எஸ்எஸ் 15 பக்கம் எல்லாரும் பசியாற உட்கார்ந்திருந்தபோது அவளுடைய அம்மா கேட்டார்: "அண்ணே, இவ ஒரு எலிக்கதை படிக்கிறா. அதுல கெட்டவங்க எல்லாம் ஒரே சாதி. பிறக்கும்போதே கெட்டவங்களா பிறக்குறாங்களாம். பிள்ளைங்க புத்தகத்துல இப்படி எழுதலாமா?"

எழுதலாமா, கூடாதா என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு ரோத்தி சனாயைப் பிய்த்திருக்கலாம். ஆனால் கேள்வி அவ்வளவு லேசானதல்ல. தே தாரிக் ஆறினாலும் பரவாயில்லை என்று ஆரம்பித்தேன்.

புத்தகம் 'ரெட்வால்'. பிக் பேட் வுல்ஃப் மலிவு விற்பனையில் வாங்கியதாம். 2009-இல் இந்தப் பக்கத்தில்தான் தொடங்கிய அந்த விற்பனைக்கே 'பொல்லாத ஓநாய்' என்று பெயர். நம் பேச்சுக்குப் பொருத்தம்தான். கதையை எழுதிய பிரையன் ஜேக்ஸ் லிவர்பூல் துறைமுகப் பகுதியில் வளர்ந்தவர். பல வேலை பார்த்தவர், பால் வண்டியும் ஓட்டினார். பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளிக்குப் பால் கொண்டுபோய்ப் பழகி, அந்தப் பிள்ளைகளுக்காகவே எழுதிய கதை இது. அதனால்தான் வாசனையும் சத்தமும் சாப்பாடும் பக்கத்துக்குப் பக்கம் நிரம்பி வழியும். முதல் நூல் 1986-இல் வந்தது. அவர் இறந்த 2011-க்குள் மொத்தம் 22 நாவல்கள்.

கதையுலகம் எளிது. ரெட்வால் என்றொரு மடம். சுண்டெலி, முள்ளெலி, அணில், நீர்நாய், முயல், பேட்ஜர் எல்லாம் நல்லவர்கள். பெருச்சாளி, நரி, மரநாய், கீரி ஜாடையில் இருக்கும் ஃபெரெட் எல்லாம் கெட்டவர்கள். சுண்டெலி நல்லது, பெருச்சாளி கெட்டது என்றால் பிள்ளையார் அந்த மடத்து வாசலில் எந்தப் பக்கம் நிற்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம். அது கிடக்கட்டும்.

முதல் சில புத்தகங்களில் இது யாரையும் உறுத்தாது. படையெடுத்து வருகிறவன் கெட்டவன், வாசலைக் காக்கிறவன் நல்லவன், அவ்வளவுதான். உறுத்தல் 1995-இல் வந்த 'ரெட்வாலின் ஒதுக்கப்பட்டவன்' நாவலில் தொடங்குகிறது. போர்க்களத்தில் கைவிடப்பட்ட ஒரு ஃபெரெட் குட்டியை மடத்தார் எடுத்து வருகிறார்கள். பிரையனி என்ற சுண்டெலிப் பெண் அவனை வளர்க்கிறாள். பிள்ளைக்கு வெய்ல் என்று பெயர் வைக்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்த எழுத்துகளை இடம் மாற்றினால் 'தீமை' வரும், தெரிந்தேதான் வைக்கிறார்கள். தொட்டிலில் கிடக்கும்போதே அவன் தலையில் எழுதிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்தவன் திருடுகிறான், விஷம் வைக்கிறான், மடத்தை விட்டு விரட்டப்படுகிறான். கடைசியில் பிரையனியின் மேல் பாய வந்த ஆயுதத்தைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு சாகிறான். அப்படிச் செத்த பிறகும், வளர்த்தவளே அவன் கெட்டவன்தான் என்ற முடிவுக்கு வருகிறாள்.

எதிர்வீட்டுப் பிள்ளைக்குக் கோபம் வந்த இடம் இதுதான். "உயிரைக் கொடுத்தும் பாஸ் பண்ண முடியலைன்னா, அந்தப் பரீட்சை எதுக்கு?" என்றாளாம்.

இதற்குச் சோடியாக இன்னொரு நூலும் உண்டு. 2001-இல் வந்த 'டாக்கரங்' கதையில் ஒரு நீர்நாய்க் குட்டியைக் கொள்ளைக்கூட்டம் தூக்கிப்போய் வளர்க்கிறது. அத்தனை கொலைகாரர்களுக்கு நடுவே வளர்ந்தும் அவனுக்குக் கொலை செய்யக் கை வரவில்லை. ஃபெரெட்டை மடத்தில் வளர்த்தாலும் கெட்டான், நீர்நாயைக் கொள்ளையரிடம் வளர்த்தாலும் நல்லவன். ரத்தம் ஜெயித்தது, வளர்ப்பு தோற்றது. நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும்: 1994-இல் வந்த 'மணி செய்பவர்' நாவலில் பிளாகட் என்ற கடற்கொள்ளைப் பெருச்சாளி, மடத்துக் குழந்தைகளோடு விளையாடிப் பழகி நல்லவனாகவே நிற்கிறான். ஜேக்ஸுக்கு அந்தக் கதவும் தெரிந்திருக்கிறது. ஆனால் 22 நாவல்களில் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் திறந்தார்.

இதில் என்ன கோளாறு? நிதானமாகப் பார்ப்போம். ஒருவனைக் கெட்டவன் என்று சொல்ல, தான் செய்வது தப்பு என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். செய்யாமல் இருக்கவும் அவனால் முடிந்திருக்க வேண்டும். நல்ல பாம்பு கடித்தால் அதைக் கெட்டது என்கிறோமா? ஆபத்தானது என்கிறோம். நம் தாமானில் பாம்பு வீட்டுக்குள் வந்தால் பொம்பாவுக்குத்தான் போன் போடுகிறோம். அவர்கள் வந்து பிடித்துக்கொண்டு போகிறார்கள். பாம்பின் மேல் யாரும் வழக்குப் போடுவதில்லை. அதே பாம்புக்குத் தோட்டத்துப் புற்றில் முட்டையும் பாலும் வைத்த கூட்டம் நாம்.

ஆக, ஃபெரெட் பிறவியிலேயே அப்படித்தான் என்றால் அதைத் திட்டுவதற்கு நியாயமில்லை. அதுவாகத் தேர்ந்தெடுத்துத்தான் கெட்டது என்றால், இனம் முழுக்க ஒன்றுவிடாமல் அதையே எப்படித் தேர்ந்தெடுத்தது? பிறவிக் கெட்ட இனம் என்ற ஏற்பாடு இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்கிறது. அதற்கு வேறு வழியும் இருக்கக்கூடாது, தண்டனையும் கிடைக்க வேண்டும். பெரியவர்களுக்கான கதையிலும் இதே முடிச்சு உண்டு. தன் கதையில் வரும் ஓர்க்குகள் திருந்தவே முடியாத இனமா என்ற கேள்வி டோல்கினைக் கடைசிவரை விடவில்லை. ஒரு முடிவான விடை சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்.

"அப்போ சாங் கஞ்சில் கதையில முதலை எப்பவும் முட்டாள்தானே, நரி எப்பவும் தந்திரம்தானே, அதுவும் தப்பா?" என்று அந்த அம்மா மடக்கினார். நல்ல மடக்கு. ஆனால் அந்தக் கதைகளில் முதலை என்பது தெருக்கூத்து வேஷம் மாதிரி. உள்ளே வரும்போதே யார் என்று தெரிய வேண்டும், கதை பத்து நிமிடத்தில் முடிய வேண்டும். ஆற்றைக் கடக்க வரிசையாக நிற்கச் சொல்லி எண்ணிக்கொண்டே முதுகில் தாவிப் போகும் சாங் கஞ்சில் என்ற சருகுமானைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அந்த முதலைக்கு வீடு, பிள்ளை, பள்ளிக்கூடம் எதுவும் கதையில் கிடையாது. நானூறு பக்க நாவலில் அதற்குச் சட்டை போட்டு, பேச்சுக் கொடுத்து, அம்மா கொடுத்து, அழுகை கொடுத்து, மனுஷ மனசு முழுவதையும் கொடுத்துவிட்டு, திருந்தும் வழியை மட்டும் கொடுக்காமல் விட்டால்தான் கதை வேறு ஏதோ சொல்ல ஆரம்பிக்கிறது.

என்ன சொல்கிறது என்பதைக் கிட்டப் போய்ப் பார்க்க ஒரு கதை இருக்கிறது. கிப்ளிங் எழுதிய கீரிக் கதை, ரிக்கி டிக்கி டாவி. நம்மில் பலர் பள்ளியில் படித்ததுதான். வட இந்தியாவில் ஒரு வெள்ளைக்காரர் பங்களா. தோட்டத்தில் நாக், நாகைனா என்று இரண்டு நல்ல பாம்புகள். வீட்டுப் பையனைக் காப்பாற்றும் கீரி. கீரி ஆண் பாம்பைப் பிடித்துக்கொள்ள, வீட்டுக்காரர் துப்பாக்கியால் சுடுகிறார். மிச்சம் நாகைனா. அவளுக்கு முலாம்பழப் பாத்தியில் 25 முட்டைகள். கீரி அங்கே போய் அவற்றை ஒவ்வொன்றாக உடைக்கிறது.

படிக்கும் பிள்ளை கை தட்டுகிறது. நானும் தட்டியிருக்கிறேன். ஆனால் கிப்ளிங் கெட்டிக்காரர். அந்த இடத்தில் ஒரு சின்ன விஷயத்தை ஒளித்து வைத்திருக்கிறார். தோட்டத்தில் டார்சி என்று ஒரு தையல்சிட்டு. முட்டைகள் எங்கே என்று கீரி அதனிடம்தான் கேட்கிறது. டார்சிக்கு மனசு ஒப்பவில்லை. தன் குஞ்சுகளும் முட்டையிலிருந்துதானே வந்தன, அவற்றைக் கொல்வது நியாயமா என்று யோசிக்கிறது. இத்தனைக்கும் கூட்டிலிருந்து விழுந்த அதன் குஞ்சு ஒன்றை நாக் விழுங்கியிருந்தான். அந்தச் சிட்டை அசட்டுக் குருவி என்று கிப்ளிங் ஒதுக்கிவிடுகிறார். அதன் பெண்சாதிதான் விவரமானவள்: இன்றைய முட்டை நாளைய பாம்பு என்று அவளுக்குத் தெரியும்.

கதையில் நீதியைப் பற்றிக் கேட்டது ஒரே ஒரு பிராணி. அதைத்தான் அசடு என்று வைத்தார்கள்.

பையன் தூங்கும் வீட்டில் 25 பாம்புக் குஞ்சு பொரிக்க விடுவதா என்றால், மாட்டேன். அகற்றத்தான் வேண்டும். அது தேவை. ஆனால் தேவைக்காகச் செய்ததை நியாயம் என்று கொண்டாடவும் வேண்டுமென்றால், முட்டைக்குள்ளேயே குற்றம் இருந்தாக வேண்டும். பிறவிக் கெட்ட இனம் என்ற யோசனை கதைக்காரருக்குச் செய்யும் உபகாரம் இதுதான்: யாரைக் கொன்றாலும் வாசகர் மனசில் கீறல் விழாது. பிள்ளைகள் கதையில் ரத்தம் வேண்டும், குற்ற உணர்ச்சி வேண்டாம் என்றால் இதைவிட வசதி கிடையாது.

இது காகிதத்தோடு நின்றிருந்தால் நான் தே தாரிக்கை முதலிலேயே குடித்து முடித்திருப்பேன். கிப்ளிங் எழுதிய அதே இந்தியாவில் 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. பரம்பரை பரம்பரையாகக் குற்றம் செய்கிறவர்கள் என்று சில சமூகங்களை மொத்தமாகப் பட்டியலில் போட்டார்கள். 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கத்தில் அதற்கு ரேகைச் சட்டம் என்று பெயர். கைரேகை பதிய வேண்டும், இரவில் போலீஸ் கண்ணில் படும்படி வந்து படுக்க வேண்டும். திருடியவனுக்கு மட்டுமல்ல, அந்தச் சமூகத்தில் பிறந்தவனுக்கெல்லாம். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று மறித்த பிறமலைக் கள்ளர்களைப் போலீஸ் சுட்டது; பலர் செத்தார்கள். நாடு முழுக்க அந்தச் சட்டம் போனது சுதந்திரம் வந்த பிறகுதான். பட்டியலிலிருந்து அந்தச் சமூகங்களின் பெயர்களை எடுத்தது 1952-இல். முட்டைக்குள்ளேயே குற்றம் இருக்கிறது என்று அரசாங்கம் கையெழுத்துப் போட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு வேறு எந்த நாட்டுக்கும் போக வேண்டாம்.

போனால், ஜெர்மனி இருக்கிறது. 1938-இல் 'நச்சுக்காளான்' என்று ஒரு படப்புத்தகம், பிள்ளைகளுக்காகவே. காட்டில் காளான் பறிக்கும் அம்மா, நல்ல காளானுக்கு நடுவே நச்சுக்காளான் ஒளிந்திருப்பதுபோல மனிதர்களுக்கு நடுவே யூதர்கள் என்று மகனுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். எழுதிய எர்ன்ஸ்ட் ஹீமர் 1940-இல் இதையே பிராணிக் கதைகளாகவும் எழுதினார். அவற்றை வெளியிட்ட ஜூலியஸ் ஸ்ட்ரைக்கரை நியூரம்பர்க் விசாரணைக்குப் பிறகு 1946-இல் தூக்கிலிட்டார்கள். ஜேக்ஸை இந்த வரிசையில் உட்கார வைப்பது அநியாயம். அந்த மனிதர் பார்வையற்ற பிள்ளைகளுக்கு வயிறு நிறைய விருந்து எழுதியவர். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு சுலபமான எதிரி. ஹீமருக்கும் தேவைப்பட்டது அதுவே என்பதுதான் என் சங்கடம்.

நம் பஞ்சதந்திரம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். அங்கே இது பழைய வழக்கு, தீர்ப்பாகாத வழக்கு. ஒரு தந்திரத்தில் லகுபதனன் என்ற காகம் இரண்யகன் என்ற எலியின் வளை வாசலில் வந்து, சிநேகிதம் வேண்டும் என்று நிற்கிறது. எலி உள்ளே இருந்தபடியே பேசுகிறது: நீ தின்கிறவன், நான் தீனி, காரணத்தால் வந்த பகை காரணம் தீர்ந்தால் தீரும், பிறவிப் பகை தீராது. கேட்பதற்கு அசைக்க முடியாத வாதம். காகம் போகவில்லை. சிநேகிதம் கிடைக்காவிட்டால் இங்கேயே பட்டினி கிடந்து உயிரை விடுவேன் என்று உட்கார்ந்துவிடுகிறது. எலி மெல்ல மெல்ல வெளியே வருகிறது. பிறகு ஆமையும் மானும் சேர்ந்து நால்வரும் ஒருவர் உயிரை ஒருவர் காப்பாற்றுகிறார்கள்.

அடுத்த தந்திரத்தில் எல்லாம் தலைகீழ். காகங்களுக்கும் ஆந்தைகளுக்கும் சண்டை. காக மந்திரி அடிபட்டவன்போல நடித்து ஆந்தைக் கோட்டைக்குள் அடைக்கலம் கேட்டுப் போகிறது. ஆந்தை மந்திரிகளில் ரக்தாட்சன் ஒருவன்தான் வேண்டாம் என்கிறான். அதற்கு அவன் சொல்வது எலிப்பெண் கதை. முனிவர் ஒரு சுண்டெலியைப் பெண்ணாக்கி வளர்க்கிறார். சூரியன், மேகம், காற்று, மலை என்று மாப்பிள்ளை பார்த்து, கடைசியில் அவளுக்கு எலிதான் பிடிக்கிறது. பிறவிக் குணம் போகாது என்கிறான் மந்திரி. அவன் பேச்சு எடுபடவில்லை. காக மந்திரி குகை வாசலில் சுள்ளி சேர்த்து, பகலில் கண் தெரியாத ஆந்தைகளை மொத்தமாகக் கொளுத்த வழி செய்கிறது. எச்சரித்தவன் சொன்னது சரியாகிவிட்டது. ஆனால் இவ்வளவு பகை எங்கிருந்து வந்தது? பறவைகள் எல்லாம் சேர்ந்து ஆந்தைக்கு முடிசூட்டப் போன நாளில் காகம் வந்து கெடுத்தது என்று அதே தந்திரம் ஒரு காரணக் கதையும் சொல்கிறது. பிறவிப் பகை என்கிறார்கள். கிளறினால் ஒரு தேர்தல் தகராறு.

சிறுவர் பக்கத்தில் போடுகிறோமே தவிர, பஞ்சதந்திரம் ராஜகுமாரர்களுக்கு அரசியல் சொல்லிக் கொடுக்க வந்த நூல். பிறவிக் குணத்தை அது ஓர் உண்மையாக நிறுத்துவதில்லை. யார், எப்போது, எந்த லாபத்துக்காக அந்த வாதத்தை எடுக்கிறார்கள் என்று காட்டுகிறது. நம் மண்ணுக்கும் இதில் பங்குண்டு. மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா 1835-இல் பஞ்சதந்திரத்தை மலாய்க்குக் கொண்டுவந்தார், தமிழிலிருந்து.

இனி காகத்தையும் ஆந்தையையும் நம் ஊரிலேயே பாருங்கள். கிள்ளானில் கத்தும் காகம் இந்த மண்ணின் பறவை அல்ல. 1890-களில் காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். நம் ஆட்களைக் கப்பலேற்றிய காலம்தான். காப்பி போய்விட்டது, காகம் தங்கிவிட்டது, பெருகியது, குப்பைத்தொட்டியைக் கிளறியது. இப்போது அது தொல்லை. நகராண்மைக் கழகங்கள் ஆள் வைத்துச் சுட்டுக் குறைக்கின்றன. அமாவாசைக்கு அதே காகத்தைக் கூப்பிட்டுச் சோறு வைக்கிறோம் நாம். ஆந்தை கதையோ நேர்மாறு. அலறினால் சாவு என்று நம் பாட்டிகள் கல்லெறிந்து விரட்டிய கூகைக்குச் செம்பனைத் தோட்டங்களில் கம்பம் நட்டு, பெட்டி கட்டி, குடி வைக்கிறார்கள். குலைகளைக் கடிக்கும் எலியைப் பிடிக்க அதைவிட மலிவான காவல்காரன் இல்லை. சுபாங் ஜெயாவும் 1976-இல் வீடு கட்டத் தொடங்கும்வரை சீபீல்டு தோட்டம்தான்; தமிழ்ப்பள்ளி இன்னும் அந்தப் பெயரைத்தான் சுமக்கிறது. காகமும் மாறவில்லை, கூகையும் மாறவில்லை. பயிர் மாறியது, முதலாளியின் கணக்கு மாறியது.

நம் புராணம் எதிரியை என்ன செய்தது என்பதும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதுதான். சூரபத்மன் மாமரமாக நின்றான். வேல் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். ஒன்று வாகனம், இன்னொன்று கொடி. பத்துமலைக்கு வருஷா வருஷம் போகிறோம், மயில் காவடி எடுக்கிறோம்; அந்த மயில் யார் என்று பாதிப் பேர் யோசிப்பதில்லை.

"சரி அண்ணே, புத்தகத்தைப் பிடுங்கி வச்சிரவா?" என்றார் அம்மா. வேண்டவே வேண்டாம். வெய்லுக்காகக் கோபப்பட்ட பிள்ளை சரியாகத்தான் படித்திருக்கிறாள். அந்தக் கோபத்தை நாமாக உட்கார வைத்துப் பாடம் எடுத்திருந்தாலும் வரவழைத்திருக்க முடியாது. அடுத்து வேறு சிலதையும் கையில் கொடுங்கள் என்றேன். 1972-இல் வந்த 'வாட்டர்ஷிப் டவுன்' முழுக்க முயல்கள். அதில் மிகப் பயங்கரமான ஆளும் ஒரு முயல்தான். இன்னும் சின்னப் பிள்ளைக்கு என்றால், ஈ.பி. வைட் 1952-இல் எழுதிய 'சார்லட்டின் வலை'. அதில் சார்லட் ஒரு சிலந்தி. ஈயின் ரத்தத்தைக் குடித்துத்தான் பிழைப்பு என்று தன் சிநேகிதனான பன்றிக்குட்டியிடம் முகத்துக்கு நேரே சொல்கிறது. பன்றிக்குட்டிக்கு அருவருப்பு. ஆசிரியர் அதை மழுப்பவில்லை, மன்னிக்கவும் சொல்லவில்லை. சிலந்தி சிலந்தியாகவே இருந்துகொண்டு உலகத்திலேயே நல்ல தோழியாகவும் இருக்கிறது.

அந்தக் கதையிலும் ஒரு பெருச்சாளி உண்டு, டெம்பிள்டன். திருட்டு, பேராசை, சுயநலம், வாய்த்துடுக்கு. ஜேக்ஸ் பார்த்திருந்தால் உடனே தன் படையில் சேர்த்துக்கொண்டிருப்பார். சந்தையில் சார்லட் சாகக் கிடக்கும்போது, மேலே ஒட்டியிருக்கும் அதன் முட்டைப் பையைப் பத்திரமாக எடுத்துவர டெம்பிள்டனைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. சும்மா வருமா அது? முணுமுணுக்கிறது, பேரம் பேசுகிறது. இனிமேல் தொட்டியில் தீனி விழுந்தால் முதலில் நான்தான் தின்பேன் என்று பன்றியிடம் வாக்கு வாங்கிக்கொண்ட பிறகுதான் ஏறுகிறது. பைக்குள் 514 முட்டைகள். பல்லால் நூலை அறுத்து, பையை வாயில் கவ்விக்கொண்டு வந்து சேர்க்கிறது, ஒன்றுகூட உடையவில்லை. அதற்காக டெம்பிள்டன் திருந்தியதாக வைட் எழுதவில்லை. பேசிய கூலியை விடாமல் வசூலித்து, தின்று தின்று பெருத்துப்போனது, அவ்வளவுதான்.